பார்வை தரும் கைகளைப் பழக்கும் பட்டியல்



பாகூர் ஏரிப் பாசன வயலில் நாற்று நடும் ஒரு தாய்க்குக் கண்ணில் புரை விழுந்தால், பார்வையோடு கூலியும் போய்விடுகிறது. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே நிலைதான். அறுவை மேசையில் படுக்கும் அவர், கத்தியைப் பிடிப்பவர் மூத்த மருத்துவரா, பயிற்சி மருத்துவரா என்று கேட்பதில்லை. நம்பி வருகிறார். அந்த நம்பிக்கை வீண்போகாதபடி இளம் மருத்துவரைப் பழக்குவது எப்படி? இதுவே இந்த இதழில் நாம் கற்கும் பாடம்.

முன்பெல்லாம் ஆசிரியர் செய்வதைப் பார்த்து மாணவர் செய்வார். "கை பழகிவிட்டது" என்று ஆசிரியர் சொன்னால் போதும். எந்தப் படியில் தடுமாறினார் என்பது எழுத்தில் இராது. 1997-இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தார் ஒரு முறையை வெளியிட்டனர். மாணவர் மாதிரிப் பொருள்களில் அறுவை செய்வார். ஆசிரியர் ஒவ்வொரு படியையும் பட்டியலில் குறிப்பார். ஆனால் படிகளைத் தவறாமல் செய்தும் கை முரடாக இருக்கலாம் அல்லவா? ஆகவே திசுவை மென்மையாகத் தொட்டாரா, வீண் அசைவு இருந்ததா என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு.

கண்புரை அறுவைக்கும் சர்வதேசக் கண் மருத்துவ மன்றம் இப்படியொரு தாளை வகுத்துள்ளது. வெட்டு, லென்ஸின் உறையைத் திறத்தல், புரையை எடுத்தல், செயற்கை லென்ஸ் பொருத்துதல் என ஒவ்வொரு படியிலும் புதியவர் முதல் தேர்ந்தவர் வரை நான்கு நிலைகள். எந்தப் படியை மீண்டும் பழக வேண்டும் என்பது மாணவருக்கே தெரிந்துவிடும்.

அரங்கிலுள்ள அனைவருக்குமான பாதுகாப்புப் பட்டியல் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலை எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகள் சோதித்தன. 1885-இல் மிஷனெரிகள் தொடங்கிய தில்லி புனித ஸ்தேவான் மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. அந்த எட்டிலும் சேர்த்து, அறுவைக்குப் பின் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் அறிவிக்கப்பட்டது. கத்தி வைக்குமுன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வதும் அதில் ஓர் அம்சம். ஒருமுறை வாய் திறந்த இளையவர், தவறைக் கண்டால் மீண்டும் பேசத் துணிவார்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை லூக்கா 14-இல் வாசிக்கிறோம். பட்டியலும் அப்படிப்பட்ட கணக்கே. நின்று நிதானித்துக் கற்பிக்கும் நாளில் அறுவைகளின் எண்ணிக்கை குறையும். அதை நஷ்டமென்று எண்ணாதிருங்கள். உங்கள் காணிக்கை அன்று இன்னொரு ஜோடிக் கைகளை உருவாக்குகிறது.

கற்கிறவர்களுக்காகவும், அவர்களை நம்பிக் கண்களை ஒப்படைக்கிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள்.