“கவனமாப் போ” மட்டும் போதாது, தங்கச்சி!

காலையில் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு “கவனமாப் போ” என்கிறீங்கள். எதைக் கவனிப்பது என்று என்றைக்காவது காட்டினீங்களா? இதற்கென்று தனி நேரம் வேண்டாம், கடைக்குப் போகிற வழியே போதும்.

1. கேள்வி கேளுங்கோ: “இந்த இடத்தில் என்ன ஆபத்து, சொல்லு பார்ப்பம்?” தானே கண்டுபிடித்தது பிள்ளைக்கு மறக்காது. பிழையாகச் சொன்னால் ஏசாதீங்கோ.

2. கொழும்பு காலி வீதி: மஞ்சள் கடவையில் பஸ் நின்றதும் பிள்ளை ஓடப் பார்க்கும். அந்த பஸ்ஸின் மறைவில் மோட்டார் சைக்கிள் வரலாம். பஸ்ஸின் முன்மூலையில் நின்று, எட்டிப் பார்த்துவிட்டுக் கடக்கப் பழக்குங்கோ. பஸ்ஸால் இறங்கினால், அது போன பிறகுதான் கடக்க வேண்டும். நீங்கள் போனைப் பார்த்தபடி கடந்தால் பிள்ளையும் அதைத்தான் பழகும்.

3. தண்டவாளம்: வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போக ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். அங்கே இரண்டு பாதைகள். ஒரு ரயில் போனதும் ஓடக்கூடாது. அதன் மறைவில் எதிர்ப்பக்கத்து ரயில் வரலாம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காமல் போகலாம். காதை நம்பாமல் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கோ.

4. கடல்: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். பாறையில் ஏற விடாதீங்கோ. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கக்கூடாது, கரையை விட்டு மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில், உள்வாங்கிய கடலைப் பார்க்கப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை.

5. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள்: லொறி பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் போகக்கூடாது. சாரதியின் கண்ணாடி உனக்குத் தெரியாவிட்டால், அவருக்கு நீ தெரியமாட்டாய் என்று சொல்லுங்கோ. மழைத் தண்ணி தேங்கிய இடத்தில் கால் வைக்கவும் வேண்டாம். கீழே கான் திறந்து கிடக்கலாம்.

6. தெரு நாய்: கண்டால் ஓடக்கூடாது. கடித்தாலோ பிராண்டினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணியில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஏச்சுக்குப் பயந்து பிள்ளை காயத்தை மறைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஏசாதீங்கோ என்கிறேன்.

7. சனக்கூட்டம்: ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, ஆடிவேல் போன்ற நாட்களில் கை தவறினால், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். உங்கள் போன் நம்பரைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேணும்.

8. “அம்மா கூட்டிவரச் சொன்னா”: இப்படி யார் வந்தாலும், வீட்டுக்குள் பேசிவைத்த ரகசியச் சொல்லைக் கேட்கப் பழக்குங்கோ. சொல்லத் தெரியாதவரோடு, தெரிந்த முகம் என்றாலும் போகக்கூடாது.

9. நம்பர்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவிக்கு 1929. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கோ.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீங்கோ. இன்றைக்குப் பின்னேரம் பாண் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், முதல் கேள்வியைக் கேளுங்கோ.