ஜப்பானியரின் கிறிஸ்துமஸ்: ஒரு பண்பாட்டு நோக்கு

தமிழ் இலக்கிய வகுப்பில் தேம்பாவணியைப் பயிலும் மாணவர்கள் அனைவரும் கிறித்தவர் அல்லர். வீரமாமுனிவரின் செய்யுள் நயத்தில் தோய்வதற்கு அவர்களுடைய சமயம் ஒருநாளும் தடையாக நின்றதில்லை. ஆயின் நூலைப் பயில்வது ஒன்று. விழாவைக் கொண்டாடுவது மற்றொன்று. ஒரு சமயத்தாரின் விழாவை, அச்சமயத்தைச் சாராத மக்கள் நாடளாவிய நிலையில் கொண்டாடுவார்களாயின் அதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர்க்கு ஜப்பான் நாடு மிகப் பொருத்தமான களமாக அமைகின்றது.

ஜப்பானிய மக்களுள் கிறித்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. டிசம்பர் 25 அங்கு அரசு விடுமுறை நாள் அன்று; அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்கும். எனினும் 24ஆம் நாள் மாலையில் நகரத் தெருக்கள் விளக்கொளியில் மிதக்கின்றன. வெண்ணிறப் பாலாடையும் செந்நிற ஸ்ட்ராபெர்ரிப் பழங்களும் பொதிந்த கேக் பெட்டியை ஏந்தியவாறு குடும்பத் தலைவர்கள் வீடு திரும்புகின்றனர். பொரித்த கோழி விற்கும் கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நிற்கின்றன. பல வாரங்களுக்கு முன்பே பணம் செலுத்திப் பதிவு செய்தோரும் அவ்வரிசைகளில் உண்டு. இளங்காதலர்க்கு அவ்விரவு தனிச்சிறப்புடையது. இவர்களுள் தேவாலயம் செல்வோர் மிகச் சிலரே.

இவ்விழா ஜப்பானுக்குள் இருமுறை வந்தது. இரண்டையும் வேறுபடுத்திக் காணாவிடில் பொருள் விளங்காது.

முதல் வருகை சமயத்தோடு நேர்ந்தது. 1542 முதல் நம் முத்துக்குளித்துறைக் கடலோரத்தில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரே 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் அந்நாட்டை விட்டு நீங்கிய மறு ஆண்டாகிய 1552இல், யாமாகுச்சி நகரில் அவருடைய தோழர்கள் கிறிஸ்துமஸ் திருப்பலி நிகழ்த்தினர். அதுவே ஜப்பானில் நடந்த முதற் கிறிஸ்துமஸ் என அந்நகரத்தார் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர். 1614இல் தொகுகாவா ஆட்சியாளர் கிறித்தவத்தை நாடு முழுவதும் தடைசெய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர்; மறைந்து தங்கியோர் கொல்லப்பட்டனர். விழாவும் மறைந்தது, அல்லது மறைந்ததாகத் தோன்றியது.

இரண்டாம் வருகை கடைத்தெரு வழியாக நேர்ந்தது. 1873இல் தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்ட பின், மேனாட்டுப் பொருள்கள் விற்கும் அங்காடிகள் கிறிஸ்துமஸ் ஒப்பனையைத் தோக்கியோவுக்குக் கொணர்ந்தன. 1910இல் யோக்கோஹாமாவில் தொடங்கப்பெற்ற ஃபூஜியா என்னும் இனிப்பகம் கிறிஸ்துமஸ் கேக்கை விற்கலாயிற்று. பின்னர் எவரும் எதிர்பாரா வகையில் ஒரு துணை வாய்த்தது. தாய்ஷோ பேரரசர் 1926 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் நினைவாக 1927 முதல் 1947 வரை அந்நாள் அரசு விடுமுறை நாளாக விளங்கியது. மன்னரின் நினைவுநாள், கிறிஸ்துமஸ் கொண்டாட மக்களுக்கு ஓய்வு தந்தது! வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரியன அல்ல. போருக்குப் பின் அமெரிக்கப் படைகளின் இருப்பும், அதன்பின் நாட்டில் பெருகிய செல்வமும் விழாவை நடுத்தரக் குடும்பங்களுக்குள் கொண்டு சென்றன. 1970இல் ஜப்பானுள் நுழைந்த கென்டக்கி கோழிக்கடை நிறுவனம் 1974இல் நாடு தழுவிய விளம்பரம் ஒன்றைச் செய்தது. கிறிஸ்துமஸுக்கு உரிய உணவு பொரித்த கோழியே என்னும் எண்ணம் அதன்பின் வேரூன்றியது.

இவற்றையெல்லாம் கண்டு, 'இது முற்றிலும் வணிகரின் வேலை' என்று கூறி அமைதி கொள்வோர் பலர். இவ்விளக்கம் பாதி உண்மையே என்பது நம் கருத்து. வணிகன் பொருளை விற்க வல்லவன். தந்தை கேக்குடன் வீடு திரும்புவதைக் குழந்தைகள் வாயிலில் காத்திருக்கும் மாலைப்பொழுதை அவனால் விற்க இயலாது. அதற்கான இடம் மக்கள் வாழ்வில் முன்பே இருந்திருத்தல் வேண்டும்.

அவ்விடம் யாது? ஜப்பானியரின் ஆண்டிறுதி கடமைகள் நிறைந்தது. மேலோர்க்கும் உதவியோர்க்கும் பரிசளித்தல், வீட்டைத் தூய்மை செய்தல், பூர்வீக இல்லம் செல்லுதல், டிசம்பர் 31 நள்ளிரவில் பௌத்த ஆலயங்களின் 108 மணியோசை கேட்டல், ஷிண்டோ திருத்தலம் சென்று வணங்குதல் எனப் புத்தாண்டு முழுவதும் முன்னோர்க்கும் மூத்தோர்க்கும் உரியதாக அமைந்துவிட்டது. குழந்தைக்கு மட்டும் உரிய நாளோ, காதலர்க்கு உரிய நாளோ அதில் இல்லை. கிறிஸ்துமஸ் எந்த முன்னோர்க்கும் உரியதன்று. அதைச் செய்யாவிடில் பழிப்பாரும் இல்லை. கூட்டுக்குடும்பங்கள் சிதைந்து நகரங்களில் சிறு குடும்பங்கள் பெருகிய காலத்தில் அவற்றுக்கு இவ்விழா உகந்ததாயிற்று. செம்மையும் வெண்மையும் அந்நாட்டில் மங்கல நிறங்கள் என்பதும் கருதத்தக்கது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடையும் கேக்கின் நிறமும் அவர்கள் கண்ணுக்கு அயலாகத் தோன்றவில்லை.

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. 'சமயம்' என்னும் பொருளில் ஜப்பானியர் இன்று வழங்கும் 'ஷூக்யோ' என்னும் சொல், மேனாட்டுக் கருத்தை மொழிபெயர்க்கும் பொருட்டு மெய்ஜி காலத்தில் நிலைபெற்றதாகும். அதற்கு முன்பிருந்தே அவர்கள் அறிந்தவை ஆண்டு வட்டத்தில் உரிய நாளில் செய்யவேண்டிய செயல்கள். அவற்றைச் செய்வோரிடம் 'நீ இதை நம்புகிறாயா?' என்று எவரும் வினவுவதில்லை. பிறந்த குழந்தையை ஷிண்டோ தலத்துக்கு எடுத்துச் செல்வர். கிறித்தவத் தேவாலய வடிவில் அமைந்த மண்டபத்தில் மணம் புரிவர். பௌத்த முறையில் ஈமச் சடங்கு செய்வர். நம்பிக்கை உறுதியை முதன்மையாகக் கொள்ளும் சமயத்தில் வளர்ந்த நமக்கு இது வியப்பளிக்கிறது. வியப்பு, இகழ்ச்சியாக மாறிவிடலாகாது.

கிறித்தவர்க்குள்ளும் இவ்விழா ஐயத்துக்கு உட்பட்டே வந்துள்ளது. 1659 முதல் 1681 வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்க்கு 5 ஷில்லிங் தண்டம் விதிக்கும் சட்டம் நிலவியது. சட்டத்தை இயற்றியவர் ஆழ்ந்த பற்றுடைய கிறித்தவரே. 1951இல் பிரான்சின் திஜோன் நகரில், குருமாரின் இசைவுடன் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவம் பேராலயத்தின் முன் எரிக்கப்பட்டது. தம் விழாவுக்குள் அயலார் எவரோ புகுந்துவிட்டார் என்று அவர்கள் அஞ்சினர். ஜப்பானியர் ஏற்றுக்கொண்டது அந்த அயலாரையே எனலாம்.

இங்கே முஸ்லிம்களாகிய நம் நிலையையும் ஒருவரியேனும் கூறாமல் செல்லுதல் தகாது. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரையே தாங்குகின்றது. பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்த அத்தாய்க்கு நீரோடையும் கனிந்த பேரீச்சம் பழமும் அருளப்பட்ட செய்தியை அது உருக்கமாக எடுத்துரைக்கிறது. ஈஸா நபி அவர்களின் பிறப்பை நாம் மதிக்கிறோம். அதை இறைமகனின் பிறப்பாக நம்புவதில்லை. அந்நாளை விழாவாகக் கொள்வதும் இல்லை. ஜப்பானியரோ விழாவைக் கொண்டனர். பிறந்தவரைப் பற்றி வினவவில்லை. இவ்விரண்டும் நேர் எதிரான நிலைகள்.

மூன்றாவது நிலை ஒன்றுண்டு. அதுவும் ஜப்பானிலேயே உள்ளது.

தடைக்காலத்தில் விழா மறைந்ததாகத் தோன்றியது என்றோம். நாகசாகியைச் சூழ்ந்த மலைச் சிற்றூர்களிலும் தீவுகளிலும் உழவரும் மீனவரும் அதை உயிரோடு காத்திருந்தனர். ஏசுவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த பலகையை மிதித்துக் காட்டுமாறு அதிகாரிகள் அவர்களைக் கட்டாயப்படுத்தினர். அவர்கள் மிதித்தனர்; வீடு திரும்பி மன்னிப்பு வேண்டினர். பௌத்தரின் கன்னோன் சிலையையே மரியன்னையாகக் கருதி வணங்கினர். குருவில்லை, நூலில்லை, மணியோசையில்லை. வாய்மொழியாகப் பெற்ற வேண்டுதல்களும் திருநாள்களைக் கணிக்கும் நாட்காட்டியுமே அவர்களிடம் எஞ்சியிருந்தன. அவர்களிடையே வழங்கிய 'வானும் மண்ணும் தோன்றிய கதை'யில் ஏசுவின் பிறப்பு ஜப்பானிய மண்ணுக்கேற்ப உருமாறிவிட்டது. தொழுவத்தில் மாடுகளும் குதிரைகளும் தம் மூச்சுக்காற்றால் குழந்தையின் குளிரைப் போக்கின. காண வந்த மூவரசரோ துருக்கி, மெக்சிகோ, பிரான்சு நாட்டவர்! நாட்டார் வழக்காற்றை ஆய்வோர் இக்கதையைத் தவறவிடலாகாது.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் அயல்நாட்டவர்க்கெனப் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஓவுரா தேவாலயத்துக்கு உரக்காமி என்னும் சிற்றூரிலிருந்து சிலர் வந்தனர். தம் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே எனப் பிரெஞ்சுக் குருவாகிய பெத்திஜானிடம் ஒரு பெண் மெல்லக் கூறினாள். மரியன்னையின் உருவம் எங்கே என வினவினாள். உறைபனித் திங்களின் 25ஆம் நாளில் தாம் ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடுவதாகவும், அப்போது நடப்பது துயரக் காலம் என்றும் அவர்கள் தெரிவித்தனர். குரு வியந்தார். அது உண்மையிலேயே தவக்காலம். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குருவையே காணாத அம்மக்கள் நாள் தவறவில்லை.

தடை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. 1867இல் தொடங்கிய அடக்குமுறையில் உரக்காமி மக்கள் 3,000க்கும் மேற்பட்டோர் வெவ்வேறு பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் 1873இல்தான் ஊர் திரும்பினர்.

தடை நீங்கிய பின்னும் எல்லாரும் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்துவிடவில்லை. இக்கித்சுகி போன்ற தீவுகளில் ஒரு சாரார் தம் முன்னோர் காத்த முறையையே பின்பற்றினர். பொருள் புரியாத இலத்தீன், போர்த்துகீசியச் சொற்கள் விரவிய வேண்டுதல்களை மனனமாக ஓதினர். 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் மறைந்து வாழ்ந்த இக்கிறித்தவர்க்குரிய இடங்களை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. ஆயினும் அவ்வேண்டுதல்களை முழுமையாக ஓத அறிந்த முதியோர் குறைந்துகொண்டே வருகின்றனர். தீவுகளின் இளைஞர் வேலை நாடி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். டிசம்பர் 24 மாலையில் கேக் பெட்டிக்காக வரிசையில் நிற்போருள் அவர்களும் இருக்கக்கூடும்.