ஓவர்ஹோல் செய்த ஸ்டார்டரைப் பூட்டும் முன்

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துக் கராஜ்களில் பாஸ்மாரிடம் வேலை பழகும் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். வீட்டில் இருப்பவர்கள் வாசித்துச் சொன்னாலும் நல்லதுதான்.

பஞ்சிகாவத்தையில் கார்பன் பிரஷும் புஷ்ஷும் வாங்கிப் போட்டு, ஸ்டார்டர் மோட்டரைப் பூட்டியாச்சு. அப்புறம் என்ன? நேரே வாகனத்தில் ஏற்றிச் சாவியைத் திருகிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஓடாவிட்டால் திரும்பவும் காருக்கு அடியில் படுக்க வேண்டும். கார் என்றால் அவ்வளவுதான். ராத்திரியில் நோயாளியை ஏற்றிய தோட்ட லொறி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால்? அதனால் மேசையிலேயே சோதித்துப் பாருங்கள் தம்பிமாரே.

முதலில் கரண்ட் இல்லாமல் பினியன் பல்லைக் கையால் திருகுங்கள். ஒரு பக்கம் லேசாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் கிளச் போய்விட்டது.

பிறகு மோட்டரை வைஸில் இறுக்குங்கள். கரண்ட் பட்டதும் அது துள்ளும், கையால் பிடிக்கவே கூடாது. மோதிரத்தைக் கழட்டி வையுங்கள். பெட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், அதனால் பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். 12 வோல்ட் மோட்டருக்கு 24 வோல்ட் லொறிப் பெட்டரியைக் கொடுக்காதீர்கள்.

நெகட்டிவ் கேபிளை மோட்டரின் உடம்பிலும், பொசிட்டிவ் கேபிளை சொலினொயிட்டின் பெரிய பெட்டரி முனையிலும் மாட்டுங்கள். அந்தப் பெரிய முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, சாவி வயர் வரும் சின்ன முனையில் தொடுங்கள். 'டொக்' என்று பினியன் வெளியே வந்து, மோட்டர் சீராகச் சுற்ற வேண்டும். வயரை எடுத்ததும் பினியன் உள்ளே போக வேண்டும். நாலைந்து செக்கனுக்கு மேல் ஓட விடாதீர்கள். பாரம் இல்லாததால் வேகம் ஏறி, ஆமேச்சர் கம்பி பிய்ந்துவிடும்.

'டொக்' சத்தம் மட்டும் வந்து சுற்றாவிட்டால், பிரஷ் கூட்டில் சிக்கியிருக்கலாம், அல்லது சொலினொயிட்டின் உள் செம்பு கருகியிருக்கலாம். முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் புது புஷ் இறுக்கம், அல்லது ஆமேச்சர் உரசுகிறது. திரும்பக் கழட்டத்தான் வேண்டும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய மொரிஸ் மைனரில் இந்தக் கதை வேறு. மோட்டரின் மேல் சொலினொயிட் கிடையாது. மோட்டர் சுற்றும் வேகத்திலேயே பினியன் திருகுத் தண்டில் ஓடிப்போய்ப் பிடிக்கும். அந்தத் தண்டில் கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி, பினியன் நகராது.

மேசையில் நன்றாக ஓடியது பாரம் இழுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே வாகனத்தில் பூட்டிய பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினைச் சுற்றும்போது மீட்டரால் பெட்டரியை அளந்து பாருங்கள். 12 வோல்ட் பெட்டரி சுமார் 9.6க்குக் கீழே இறங்கினால், பெட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டரி சரி, ஆனாலும் மோட்டர் சோம்பலாகச் சுற்றுகிறதா? மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை மோட்டரின் உடம்பிலும் வைத்து மறுபடி சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த் கேபிளில். நம்ம மலை ஈரத்தில் பூத்துப்போன முனைகளைச் சுரண்டி இறுக்கினாலே பல வாகனங்கள் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிடும்.