ஜாவாவில் 'கிளாஸ்காஸ்ட்' பிழையா?

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்கோ இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்களா? ஜெனரிக்ஸும் ரிஃப்ளெக்‌ஷனும் சேரும் இடத்தில் புரோகிராம் நின்றுபோனால்:

1. பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். வந்த வகை, கேட்ட வகை, வரி எண் மூன்றும் அதிலேயே இருக்கும்.

2. 'அன்செக்டு' எச்சரிக்கையை மறைக்காதீர்கள். பிழையின் வேர் பெரும்பாலும் அங்கேதான்.

3. சோதனையின்போது பட்டியலை 'கலெக்‌ஷன்ஸ்.செக்டுலிஸ்ட்' கொண்டு சுற்றுங்கள். தப்பான பொருள் உள்ளே நுழையும் வரியிலேயே பிடிபடும்.

4. ஷூ அளவை 'நம்பர்' என எடுத்து 'டபுள்வேல்யூ' அழையுங்கள். 8 இன்டிஜராகவும் 8.5 டபுளாகவும் வரலாம். நேரே டபுளாக்கினால் 8 வரும்போது பிழை எழும்.

5. ஃபீல்டின் வகை 'இன்ட்' என்றால் 'இன்டிஜர்' கிளாஸைக் கொண்டு சரிபாருங்கள். 'இன்ட்' கிளாஸின் 'இஸ்இன்ஸ்டன்ஸ்' எப்போதும் 'ஃபால்ஸ்' என்றே சொல்லும்.

6. ஜேசானிலிருந்து பட்டியல் படிக்க, ஜாக்சனில் 'டைப்ரெஃபரன்ஸ்', ஜிசானில் 'டைப்டோக்கன்' கொடுங்கள். வெறும் 'லிஸ்ட்' என்றால் உள்ளே இருக்கவேண்டிய வகை அவற்றுக்குத் தெரியாது. உங்கள் தோல் விவரப் பொருளுக்குப் பதில் 'மேப்' வந்து நிற்கும்.