நாளை மாலை ஐந்து மணிக்குள்

வெள்ளிக்கிழமை, மணி ஆறே முக்கால் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் போனைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் ஓடி வந்தாள். "மாமா, ஆஃபர் வந்துடுச்சு. ஆனா நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள அக்செப்ட் பண்ணணுமாம். திங்கட்கிழமை இன்னொரு கம்பெனில ஃபைனல் ரவுண்டு இருக்கு. அப்பா ஊருக்குப் போயிருக்கார், போன் எடுக்க மாட்டேங்கறார்." சந்தோஷப்பட வேண்டிய பெண்ணின் முகத்தில் பரீட்சை ஹாலில் கடைசி மணி அடித்த களை.

என்னிடம் அவள் வந்ததற்குக் காரணம் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன் நான். முதல் பாதி அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில். அப்போது அதற்கு 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்று பெயர். மறு பாதி ஓ.எம்.ஆரில், ஹெச்ஆர் என்ற பெயரில். அவளுக்கு வந்தது போன்ற மெயில்களை நானே நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். அன்றிரவு அவளுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

1. கெடுவைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், அது ஏன் வந்தது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து மூன்று காரணம்தான். ஒன்று, காலாண்டு முடிகிறது. இந்த இடத்துக்கு ஆள் எடுக்க மேலிடம் கொடுத்த அனுமதி 31-ஆம் தேதியோடு போய்விடும். இரண்டு, உங்களுக்கு அடுத்தபடியாக ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் இழுத்தால் அவரும் கைநழுவிப் போவார். மூன்றாவதுதான் கெட்ட காரணம்: இந்தக் கடிதத்தைக் காட்டி நீங்கள் வேறு இடத்தில் பேரம் பேசிவிடக் கூடாது. வெள்ளி சாயங்காலம் மெயில் அனுப்பி, சனிக்கிழமைக்குள் பதில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. நானும் செய்தேன். அந்த நேரத்தில் உங்களுக்குப் புத்தி சொல்ல யாரும் ஆபீசில் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தே செய்தேன்.

இது நம்மூர்த் தந்திரம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவம் முடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் பயிற்சி இடம் கொடுத்தபோது, 1945-ல் பதில் சொல்ல 10 நாள் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். வருடா வருடம் அது தேய்ந்து, 1949-ல் பேச்சு 12 மணி நேரத்துக்கு வந்து நின்றது. கடைசியில் கெடுவே வேண்டாம், இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுங்கள், மையமாகப் பொருத்தி விடுகிறோம் என்று 1952-லிருந்து முறையை மாற்றினார்கள். இந்தக் கதையை ஆராய்ந்த ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. டாக்டர்களையே அவசரப்படுத்திப் பார்த்தவர்கள் உண்டு என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

2. அவகாசம் கேளுங்கள். போனில் கேளுங்கள், பிறகு மெயிலில் உறுதி செய்யுங்கள். "கொஞ்சம் டைம் வேணும்" என்று மொட்டையாகக் கேட்டால் ஹெச்ஆருக்கு எரிச்சல்தான் வரும், ஏனென்றால் அவர் தன் மேலதிகாரிக்கு ஒரு தேதி சொல்லியாக வேண்டும். அந்தத் தேதியை நீங்களே கொடுத்துவிடுங்கள். "ரொம்ப சந்தோஷம் மேடம். கடிதத்தை முழுசாப் படிச்சு, வீட்டில் பேசிட்டு, செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள கண்டிப்பா பதில் சொல்றேன்." அவ்வளவுதான். பொய்க் காரணம் வேண்டாம். பாட்டியைச் சாகடிக்க வேண்டாம், எங்களிடம் ஒரே பாட்டி பல தடவை செத்திருக்கிறார்.

கேட்டதற்காகவே ஆஃபரைப் பிடுங்கிக்கொண்டதை என் அனுபவத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பார்த்ததில்லை. ஆனால் பிடுங்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நீங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் வரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம், கெடு பாக்கி இருந்தாலும் சரி. அதனால் அவகாசம் கேட்கும் குரலில் மரியாதை இருக்கட்டும்.

3. கிடைத்த நேரத்தில் கடிதத்தைப் படியுங்கள். பத்தில் ஏழு பேர் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடுகிறார்கள். அன்று அந்தப் பெண்ணும் அப்படித்தான். "வருஷத்துக்கு 4,80,000 மாமா, மாசம் நாப்பதாயிரம்!" ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு இருவரும் கணக்குப் போட்டோம்.

பேசிக் மாதம் 20,000. கம்பெனி கட்டும் பிஎஃப் மாதம் 1,800, அதாவது சட்ட வரம்பான 15,000-க்கு 12 சதவீதம். வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 11,544. அது ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். வேரியபிள் 40,000, கம்பெனிக்கும் உங்களுக்கும் நல்ல வருடமாக இருந்தால் வரும். இன்சூரன்ஸ் பிரீமியம் 6,000. இதையெல்லாம் கழித்தால் மாதம் 33,400 சொச்சம். அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 பிடிப்பார்கள், தொழில் வரி தனி. நாப்பதாயிரம் முப்பத்தோராயிரம் சொச்சத்தில் வந்து நின்றது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஏமாத்தறாங்களா மாமா?" இல்லை, சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, என்றால் ஊர் முழுக்க இதுதான். ஆனால் வேளச்சேரியில் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டப்போவது முப்பத்தோராயிரத்திலிருந்து. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "மாதம் கைக்கு எவ்வளவு வரும்?" இதற்கு நேராகப் பதில் சொல்லாத ஹெச்ஆரை நான் நம்ப மாட்டேன்.

பணத்துக்கு அப்பால் மூன்று வரி தேடுங்கள். வேலை எந்த ஊரில், இரவு ஷிஃப்ட் உண்டா, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். ஐடி கம்பெனிகளில் 90 நாள் சர்வ சாதாரணம். இன்று 24 மணி நேரத்தில் பதில் கேட்கும் அதே கம்பெனி, நாளை நீங்கள் கிளம்பும்போது 90 நாள் கேட்கும். இதில் உள்ள வேடிக்கை எனக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் உறைத்தது.

4. பாண்டு. இரண்டு வருடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இத்தனை லட்சம் என்று இருந்தால் கெடு எவ்வளவு குறுகலாக இருந்தாலும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிக்காது" என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அது ஒரு பொதுத்துறை வங்கியின் நிலையை வைத்துச் சொன்னது, எல்லாக் கம்பெனிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருந்தாது. நியாயமான நஷ்டத்துக்கு மேல் வசூலிக்க ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. இருந்தாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

5. பணம் கேட்டால் அது வேலையே இல்லை. லேப்டாப் டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ், வெரிஃபிகேஷன் சார்ஜ், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. "இன்னிக்கே கட்டணும்" என்ற அவசரம்தான் இந்த மோசடிக்காரர்களின் முதலீடு. கட்டித் தொலைத்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ, பணத்தை மடக்க அவ்வளவு வாய்ப்பு.

6. இன்னொரு கம்பெனியில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் அவர்களிடம் இப்போதே சொல்லுங்கள். கையில் ஒரு ஆஃபர் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் முடிவு அதற்குள் தெரியுமா என்று நாலு வரி மெயில். மிரட்டுவது போல ஆகிவிடுமோ என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஆகாது. நாங்கள் அந்த மெயிலைப் பார்த்ததும் முதலில் செய்வது உங்கள் ஃபைலை மேலே எடுத்து வைப்பதுதான். அந்தப் பெண் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுதினாள். திங்கட்கிழமை மதியத்துக்கு இருந்த ஃபைனல் ரவுண்டைக் காலை ஒன்பதரைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். முதல் கம்பெனியும் செவ்வாய் வரை பொறுத்தது.

7. இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். கடிதம் கைக்கு வந்து, நீங்கள் ஏற்று, அதை அவர்கள் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் சொல்லும் வரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்பது ஆஃபர் லெட்டர் இல்லை. போனில் "கன்ஃபர்ம் பண்ணிட்டோம்" என்பது காகிதமே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விழுப்புரத்துப் பையன் ஒருவன். மதியம் இரண்டு மணிக்கு நானே போன் செய்து, "உனக்குத்தான்பா, இன்னிக்கே பேப்பர் போட்டுடு, சீக்கிரம் ஜாயின் பண்ணணும்" என்றேன். ஐந்து மணிக்கு ராஜினாமா செய்துவிட்டு சந்தோஷமாகத் திருப்பிக் கூப்பிட்டான். மறுநாள் அவனை எடுக்க இருந்த ப்ராஜெக்ட்டே கைவிட்டுப் போயிற்று. கடிதம் அச்சாகவே இல்லை. பழைய இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாலு மாதம் சும்மா இருந்தான் என்று பிறகு தெரிந்தது. அப்போது அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்ல சார், உங்க மேல என்ன தப்பு" என்றான். தப்பு என் மேல்தான்.

8. வீட்டில் கேட்பது நல்லதுதான். ஆனால் எட்டுப் பேரிடம் கேட்டால் ஒன்பது யோசனை வரும். அந்த வேலையைத் தெரிந்த ஒருவர், உங்களைத் தெரிந்த ஒருவர், போதும். பெரியப்பா வாட்சாப்பில் என்ன சொல்கிறார் என்பது தீபாவளிக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

உண்மையில் இந்த யோசனை எல்லாம் ஆஃபர் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி இன்டர்வியூ முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது நோட்டில் எழுதுங்கள்: கைக்கு எவ்வளவு வந்தால் போவேன், எந்த ஊருக்குப் போக மாட்டேன், எந்த வேலையைச் செய்ய மாட்டேன். பிறகு ஒரு நாள் கெடு வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். கல்லூரி ப்ளேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் இதை முதல் கம்பெனி வருவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும். பல கல்லூரிகளில் ஒரு ஆஃபர் வந்துவிட்டால் அடுத்த கம்பெனியில் உட்கார விடுவதில்லை, அங்கே யோசிக்க அவகாசமே கிடையாது.

9. "இப்போதைக்கு ஓகே சொல்லி வை, நல்லது வந்தா மாறிக்கலாம்" என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. கம்பெனி மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுப் பிள்ளைகளைக் காய வைத்த கம்பெனிகளை நானும் அறிவேன். அப்படி உங்களுக்கு நடந்தால் தாராளமாகப் போங்கள். நடக்காதவரை, சொன்ன சொல்லுக்கு நில்லுங்கள். சென்னையில் ஹெச்ஆர் உலகம் சின்னது, இன்று நீங்கள் ஏமாற்றியவர் மூன்று வருடம் கழித்து வேறு கம்பெனியில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

10. வேண்டாம் என்று முடிவு செய்தால் கெடு முடியும் வரை காத்திருக்காதீர்கள். பதிலே போடாமல் போனை அணைத்து வைப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே முதல் கம்பெனிக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதினாள். அங்கே பட்டியலில் இரண்டாவது பெயர் ஒன்று இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அதற்காகவாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.