நினைவை அளக்கும் வினாக்கள்

கற்பிக்காத பாடத்தில் வினாத் தொடுத்தல் முறையன்று என்பது ஆசிரிய பயிற்சியிலே யான் பெற்ற முதற் பாடங்களுள் ஒன்று. மருத்துவமனை வாங்கிலிருந்து அதனை நினைக்க நேருமென்று அன்று எண்ணினேனல்லேன்.

முதுமையில் நேரும் மறதிநோயை ஐயுற்று அறிதற்குச் சிறு வாய்மொழித் தேர்வுகள் சில உள. 1975இல் அமெரிக்காவிலே போல்ஸ்டீன் முதலியோர் வகுத்தது அவற்றுட் பெயர்பெற்றது. ஏறத்தாழப் பத்து நிமிடம். மொத்தம் 30 புள்ளி. ஆண்டும் நாளும் கேட்பர். மூன்று பொருட்பெயர்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பர். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வர். ஒரு வாக்கியம் எழுதுவிப்பர். 24க்குக் குறைந்தாரை மேலும் ஆராய்தல் வழக்கம். குறைந்த புள்ளியே நோய் என்பதன்று.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்தெடுத்து ஓய்ந்த என் பெரியம்மா பள்ளி வாசலை மிதியாதவர். எழுதுகோலை அகப்பைபோற் பிடித்தார். பெற்றது 15. "கிழவிக்குப் புத்தி மங்கிவிட்டது" என்று வீட்டிற் பேச்செழுந்தது. தமது இளமையில் எந்நாள் அரைப்பேர் விழுந்ததென்று அவர் இன்றும் சொல்வார். அது சான்றாகாது; இந்நோய் புதிய நினைவையே முதலிற் கவ்வும், பழையது நெடுங்காலம் நிற்கும். ஆனால், காலையிற் பஸ் நடத்துநர் தராதுவிட்ட மிச்சம் இருபது ரூபாவை மாலையில் எனக்கு நினைவூட்டியவரும் அவரே!

சீனத்துச் சாங்காய் நகரில் 1980களில் முதியோரை ஆராய்ந்தோர் இவ்விடரைக் கண்டனர். பள்ளி செல்லாதார், ஆரம்பக் கல்வியினர், மேற்கற்றோர் என்போருக்கு வேறுவேறு எல்லை வகுக்கப்பெற்றது. மீளச்சொல்லும் ஆங்கிலத் தொடரை மொழிபெயர்க்காது, நாற்பத்து நான்கு கற்சிங்கங்களைப் பற்றிய நாப்புரட்டொன்றைச் சீன மொழியில் வைத்தனர். 1995இல் வெளியான இந்தி வடிவம், 'கண்ணை மூடு' என்பதைப் படிக்கச் செய்யாது, செய்து காட்டி அவ்வாறே செய்யச் சொல்லிற்று. சிங்கள வடிவத்தின் ஆய்வு 2002இல் வெளியாயிற்று.

தமிழாசிரியன் ஒன்று கூறலாம். ஆங்கிலத்தில் உலகத்தைக் குறிக்குஞ் சொல்லை எழுத்தெழுத்தாகப் பின்னிருந்து சொல்லச் சொல்வதுண்டு. 'உலகம்' என்பதை அவ்வாறு திருப்பின் மகரமெய் முன்வந்து நிற்கும். மெய் மொழிக்கு முதலாகாது என்று கற்ற நாவும் தடுமாறுமே! கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்லலாம். அதற்கு எழுத்தறிவு வேண்டா.

எதிர்முகமாகவும் ஏமாற்றமுண்டு. கற்றவர் 27 பெற்றும் அடுப்பை அணைக்க மறப்பார். ஆதலின் உடனுறைவோரையும் உசாவுதல் வேண்டும். நம் பழைய மாணவருள் மருத்துவராயினார் இதனை அறிவர். ஏனையோர் முதியோரை அழைத்துச் செல்லுங்கால், அவர் எத்தனை ஆண்டு பயின்றாரென்று முன்னரே சொல்க, மூக்குக்கண்ணாடியை மறவற்க.

பெரியம்மாவை இரண்டாம் முறை பார்த்த மருத்துவர் முதலிற் சோதித்தது அவர் செவியை. வலச்செவி ஏறக்குறைய முற்றும் மந்தம். முதன்முறை வினவியவர் அப்பக்கத்திலேதான் இருந்தார்.