பழைய ஜீப், பிக்கப் வண்டிகளின் தகடு கோணாமல் பற்றவைக்கும் முறை

நம் நாட்டில் சமுதாய நலத் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கப்பெற்றது. அக்காலந்தொட்டு ஜீப் வண்டி நம் கிராமங்களுக்கு நன்கு பழக்கமாயிற்று. வட்டார வளர்ச்சி அலுவலர் வந்து இறங்கியதும் அதில்தான். கால்நடை மருத்துவர் வந்ததும் அதில்தான். அலுவலகங்களில் அதன் காலம் முடிந்துவிட்ட போதிலும், மலைப் பாதைகளில் இன்னும் முடிந்தபாடில்லை. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளையும், காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் பழைய பிக்கப் வண்டிகளையும் நாம் இன்றும் காண்கிறோம்.

இவ்வண்டிகளின் இயந்திரம் பழுதுற்றால் மாற்றிவிடலாம். ஆனால் உடல் தகடு துருப்பிடித்து, பொருத்துகள் விட்டுப்போனால், அதைச் சீர்செய்யும் பொறுப்பு பெரும்பாலும் அருகிலுள்ள சிறு பட்டறையையே சாரும். அங்கே கதவு, ஜன்னல் கம்பிகளைப் பற்றவைத்துப் பழகிய கைகள், அதே வேகத்தில் மெல்லிய தகட்டிலும் இறங்கிவிடுகின்றன. விளைவு யாது? தகடு அப்பளம்போல் நெளிந்துவிடுகிறது. அந்நெளிவை மறைக்கப் பட்டி பூசப்படுகிறது. பட்டிக்கு அடியில் துரு வளர்கிறது. அந்தத் தரையின்மேல் பத்துப் பேர் அமர்ந்து மலை ஏறுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இது வெறும் அழகைப் பற்றிய பேச்சன்று என்பது விளங்கும். ஆகவே, தகடு கோணாமல் பற்றவைக்கும் முறையை இங்கே ஆராய்வோம்.

தகடு ஏன் கோணுகிறது?

மாட்டு வண்டிச் சக்கரத்திற்குக் கொல்லர் பட்டா போடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரிகிறது. மரச் சக்கரத்தின்மேல் எளிதில் ஏறுகிறது. ஆறியதும் சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்பு, 100 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லி மீட்டர் நீளும் என்பது கணக்கு. பற்றவைக்கும் இடத்திலோ இரும்பு உருக வேண்டும்; அதற்குச் சுமார் 1,500 டிகிரி வெப்பம் தேவை.

பட்டா தடையின்றி விரிகிறது. தகட்டின் நடுவே சூடேறும் இடத்திற்கு அந்த வசதி இல்லை. அதைச் சுற்றிலும் குளிர்ந்த இரும்பு அரண்போல் நிற்கிறது. விரிய வழியில்லாமையால், சூட்டில் இளகிய அப்பகுதி தனக்குள்ளேயே அமுங்கிச் சற்றுத் தடிக்கிறது. ஆறும்போது அது முன்பிருந்த அளவைவிடக் குறுகிப்போகிறது. சுற்றியுள்ள தகட்டைத் தன்பால் இழுக்கிறது. சக்கரத்தை இறுக்கும் அதே சக்தி இங்கே தகட்டை நெளிக்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஓரிடத்தில் சூடு எவ்வளவு பரவுகிறதோ, அவ்வளவுக்கு இழுப்பும் மிகும். தட்டையான தகடு இந்த இழுப்பைத் தாங்காது. வளைவும் மடிப்பும் உள்ள தகடு ஓரளவு தாங்கும். ஜீப்பின் பக்கங்கள் பெரும்பாலும் தட்டையானவை என்பதால், அதில் வேலை செய்பவர் இருமடங்கு கவனமாக இருத்தல் வேண்டும்.

பற்றவைக்கும் முன்

முதலாவதாக, தீயைப் பற்றி எண்ணுவோம். பழைய ஜீப்பில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. தரைத் தகட்டைத் தொடுமுன் தொட்டியைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே தொலைவில் வைத்தல் வேண்டும். காலித் தொட்டிதானே என்று அலட்சியம் செய்தல் கூடாது; எண்ணெய் நிறைந்த தொட்டியைவிட ஆவி நிறைந்த தொட்டியே எளிதில் வெடிக்கும். பாட்டரியின் இணைப்பை நீக்குவதும், தண்ணீரும் மணலும் அருகில் வைத்திருப்பதும் அவசியம்.

அடுத்து, துருவின் எல்லையைக் காண வேண்டும். பெயிண்ட் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், திருப்புளியின் முனையால் குத்திப் பார்த்தால் உண்மை தெரியும். தரைத் தகட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் சட்டங்களில் சேறு தங்கி, உள்ளிருந்தே அரிப்பதுண்டு. இரும்பு உறுதியாக உள்ள இடம்வரை வெட்டியெடுத்தல் வேண்டும். துருவின்மேல் எந்தப் பற்றும் நில்லாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெட்டிவிட்டால் வண்டியின் உருவமே தளர்ந்துவிடும். ஆதலால் கதவு வாயிலுக்குக் குறுக்கே ஒரு குழாயைத் தற்காலிகமாக முட்டுக்கொடுத்து, ஒரு பகுதியை முடித்த பின்னரே மறு பகுதியை வெட்டுவது நலம்.

ஒட்டுத் தகடு, பழைய தகட்டின் கனத்திற்கு ஒத்ததாக இருக்க வேண்டும். இவ்வகை வண்டிகளில் அது சாதாரணமாக 0.9 முதல் 1.2 மில்லி மீட்டர் வரை, அதாவது 20 அல்லது 18 கேஜ் அளவில் இருக்கும். ஒட்டின் மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டுக. பொருத்து, தட்டையான பரப்பின் நடுவே வராமல், மடிப்புக்கு அருகில் வருமாறு அமைக்க. விளிம்பிலிருந்து 25 மில்லி மீட்டர் அகலத்திற்கு, இரு முகங்களிலும் பெயிண்ட், துரு, எண்ணெய் ஆகியவற்றை நீக்குக. நாகப் பூச்சுள்ள தகடாயின் அப்பூச்சையும் நீக்குதல் வேண்டும். அதன் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் போன்ற நோய் உண்டாகும்.

இரண்டு வகைப் பொருத்துகள்

தரையும் பக்கமும் சேரும் இடங்களில், தொழிற்சாலையார் ஒரு தகட்டின்மேல் மற்றொன்றைப் படியவைத்து, மின்சாரத்தால் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருப்பார்கள். அங்கே நாமும் அவ்வழியையே பின்பற்றலாம். மேல் தகட்டில் 6 முதல் 8 மில்லி மீட்டர் அளவுள்ள துளைகளைச் சுமார் 40 மில்லி மீட்டருக்கு ஒன்றாக இட்டு, இரு தகடுகளையும் இடைவெளியின்றி இறுகப் பிடித்து, துளையின் நடுவில் தெரியும் அடித் தகட்டில் தொடங்கித் துளையை நிரப்ப வேண்டும். நீண்ட கோடாகப் பற்றவைக்கும் தேவையே இராது. கோணலும் மிகக் குறைவு.

வெளியே தெரியும் பக்கத் தகட்டில், விளிம்போடு விளிம்பு சேர்க்கும் பொருத்தே சிறந்தது. மேற்பொருத்தாகச் செய்தால் உள்ளே நீர் தங்கும். இரு விளிம்புகளுக்கும் இடையே ஒரு மில்லி மீட்டருக்கு மேற்படாத சந்து விடுதல் போதும். சந்து பெரிதானால், அதை நிரப்ப வேண்டிய உலோகமும் சூடும் பெருகும், கோணலும் பெருகும். பொருத்தைச் சரியாக அமைப்பதில் செலவிடும் ஒரு மணி நேரம், பின்னர் ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

புள்ளி புள்ளியாக முன்னேறுதல்

இந்த வேலைக்கு மிக் வெல்டிங் ஏற்றது. 0.6 மில்லி மீட்டர் கம்பியும், ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த வாயுவும் மெல்லிய தகட்டிற்குப் பொருந்தும். சாதாரணக் குச்சி வெல்டிங் தகட்டைத் துளைத்துவிடும்; அதைச் சட்டங்களின் தடித்த பாகங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதே கனமுள்ள கழிவுத் தகட்டில் முதலில் சோதித்துப் பார்த்த பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும்.

பொருத்தின் இரு கோடிகளிலும் ஒவ்வொரு புள்ளி வைக்கவும். பட்டறைக்காரர்கள் இதை டாக் அடித்தல் என்பார்கள். பிறகு நடுவில் ஒன்று. பின்னர் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒன்று. இவ்வாறு பங்கிட்டுக்கொண்டே போனால், புள்ளிகளுக்கு இடையே 25 மில்லி மீட்டர் தூரம் எஞ்சும். அதன் பின்னும் வரிசையாகப் போகாமல், இங்கொன்றும் எட்ட ஒன்றுமாகத் தாவித் தாவி நிரப்புக. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ ஒரு விநாடியே செலவிடுக. அடுத்த புள்ளி வைக்கும் இடத்தை வெறுங்கையால் தொட முடிகிறதா? முடிந்தால் மேலே செல்க, முடியாவிடில் காத்திருக்க. இதுவே இப்பாடத்தின் உயிர்நாடி.

ஒருமுறை ஒரு பட்டறையில் நாம் கண்டதை இங்குக் கூறுவது பொருந்தும். திறமைசாலியான இளைஞர் ஒருவர், ஜீப்பின் பக்கத் தகட்டில் ஒரு முழ நீளத்தை ஒரே இழுப்பில் பற்றவைத்தார். பற்று மிக ஒழுங்காகவே இருந்தது. ஆறியதும் தகட்டில் கடலலைபோல் மேடும் பள்ளமும் எழுந்தன. அன்று மாலைவரை சுத்தியலால் தட்டியும் அவை அடங்கவில்லை. அவருடைய கையில் குற்றமில்லை. அரை மணி நேரம் காத்திருக்காததே குற்றம்.

கேஸ் வெல்டிங் மட்டுமே உள்ள பட்டறையினர் மனந்தளர வேண்டுவதில்லை. சிறிய முனையும் மெல்லிய கம்பியும் கொண்டு வேலை செய்யலாம். சூடு அதிகம் பரவும் என்பது உண்மையே. ஆனால் அப்பற்று மிருதுவானது. சுத்தியலுக்கு எளிதில் இணங்கும்.

இழுப்பைத் தளர்த்துதல்

எவ்வளவு கவனமாயிருந்தாலும் சிறிது சுருக்கம் ஏற்படும். பற்று சுருங்கியிருப்பதால், அதைச் சற்று நீட்டிவிடுவதே பரிகாரம். மேடாக நிற்கும் பற்றைக் கிரைண்டரால் குறைத்து, அடியில் டாலிக் கட்டையை வைத்துத் தாங்கி, பற்றின் மேல் மாத்திரம் மெதுவாகத் தட்டுக. சுற்றியுள்ள தகட்டைத் தட்டினால் அது மேலும் நீண்டு, நிலைமை மோசமாகும். கிரைண்டரும் சூடு தரும் கருவியே என்பதை மறவாதீர்கள். தகடு நீலம் பூத்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அதிலும் சிறிது தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி தேய்ப்பதே முறை.

பற்றவைத்த பின்

இரு முகங்களிலும் பிரைமர் பூசி, பொருத்துகளில் சீலர் இட்டு, அடிப்பாகத்திற்குப் பெயிண்ட் அடித்தல் வேண்டும். மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடலாகாது. பட்டி என்பது சிறு மேடுபள்ளங்களை நிரவுவதற்கு மட்டுமே, ஓட்டையை மறைப்பதற்கன்று.

இத்தொழிலைக் கற்கும் கிராம இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. இரும்பை உருக்குதல் இயந்திரத்தின் வேலை. சூட்டைப் பங்கிட்டுக் கொடுத்தல் மனிதனின் வேலை. பட்டாவை எப்போது காய்ச்சுவது, எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று நம் கொல்லர்கள் அறிந்திருந்தார்கள். அந்த நிதானம் நம் பட்டறைகளில் தொடருமானால், பழைய வண்டிகளும் நெடுநாள் உழைக்கும். அவற்றில் ஏறிச் செல்வோரும் அச்சமின்றி வீடு திரும்புவர்.